கல்லால் ஊர் சமைத்த பேராயர்: ரிச்சர்டு இராபின்சன்

மன்னர்கள் நகரங்களைப் படைத்ததுண்டு, வணிகர்கள் வளர்த்ததுண்டு, பகைவர்கள் எரித்ததுண்டு. ஒரு சமயத் தலைவர் தம் கைப்பொருளையும் காலத்தையும் செலவிட்டு, சிதைந்து கிடந்த பழம்பதி ஒன்றைத் தெருத் தெருவாகப் புதுக்கியெடுத்தது வரலாற்றில் அருகியே காணப்படும் நிகழ்ச்சியாகும். அயர்லாந்தின் வடபகுதியில் உள்ள அர்மா நகரம் அத்தகைய பேறு பெற்றது. அப்பேற்றை அந்நகருக்கு அளித்தவர் பேராயர் ரிச்சர்டு இராபின்சன். அவர் கட்டிய கூடங்களுள் பல இருநூறாண்டுகள் கடந்தும் நின்று அவர் பெயர் சொல்கின்றன. அவர் கட்ட நினைத்துக் கட்ட முடியாமற் போனவையும் அவர் வாழ்வைப் பற்றிச் சொல்லத் தக்கன சிலவற்றை உடையன.

மக்காவின் மேடு

அர்மா என்னும் பெயருக்கு ஐரிய மொழியில் மக்காவின் மேடு என்று பொருள். மக்கா பழங்கதைகளில் வரும் பெண்தெய்வம். அம்மேட்டின்மீது கி.பி. 445இல் புனித பேட்ரிக் தம் முதன்மைக் கோயிலைக் கல்லால் எழுப்பினார் என்பது மரபு. அன்று முதல் அயர்லாந்தின் சமயத் தலைநகர் அர்மாவே. 1014இல் குளோன்டார்ஃப் போரில் வீழ்ந்த மன்னர் பிரையன் போரு இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். குன்றின் உச்சியில் பேராலயம். அதனைச் சுற்றி வளையம் வளையமாகத் தெருக்கள். பழைய துறவுமடத்தின் வட்டமான மதிலெல்லையே பிற்காலத்தில் தெருக்களின் போக்காக அமைந்தது. இன்றும் அத்தெருக்களில் நடப்பவர் தம்மை அறியாமலே ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய மடத்தை வலம் வருகின்றனர்.

இத்துணைப் பழம்பெருமை இருந்தும், பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அர்மா பொலிவிழந்திருந்தது. போர்களும் தீவைப்புகளும் பேராலயத்தையே பலமுறை பாழாக்கியிருந்தன. மக்கள் பெரும்பாலும் மண்சுவரும் கூரையும் கொண்ட குடிசைகளில் வாழ்ந்தனர். லினன் துணிச் சந்தையால் ஊருக்கு வருவாய் வந்ததேயொழிய வடிவம் வரவில்லை. பேராயர்களும் அர்மாவின் பெயரைத் தாங்கியிருந்தனரேயன்றி, பெரும்பாலும் டிரோகெடாவிலோ டப்ளினிலோ தங்கினர். தலைவன் வாழாத மனையாக அந்நகர் கிடந்தது.

பிறப்பும் உயர்வும்

இராபின்சன் 1708இல் இங்கிலாந்தின் யார்க்சயர்ப் பகுதியில் ரோக்பி என்னும் ஊரின் நிலக்கிழார் குடியில் பிறந்தார். உடன்பிறந்தோர் பலர் இருந்த குடும்பத்தில் இளைய மகனுக்கு நிலம் கிட்டாது. படையோ சட்டமோ சமயமோதான் வழி. வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியிலும், பின்னர் ஆக்ஸ்போர்டின் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியிலும் பயின்ற அவர் சமயப் பணியைத் தேர்ந்தார். யார்க் பேராயரின் அருட்குருவாகத் தொடங்கிய வாழ்வு, 1751இல் புதிய திசையில் திரும்பியது. அயர்லாந்தின் அரசப் பிரதிநிதியாகச் சென்ற டார்செட் கோமகனோடு அவருடைய அருட்குருவாக இராபின்சன் கடல் கடந்தார்.

அதன்பின் படிகள் விரைவாக ஏறின. 1752இல் கில்லாலா ஆயர். 1759இல் லீலின், பெர்ன்சு ஆயர். 1761இல் கில்டேர் ஆயர். 1764 இறுதியில் அர்மாவின் பேராயர் ஜார்ஜ் ஸ்டோன் மறைந்தபோது அப்பதவிக்குப் பலர் பெயர் பேசப்பட்டது. இங்கிலாந்தில் நல்ல நிலையிலிருந்த ஆயர்கள் இருவர் வேண்டாமென்று விலகினர். அரசப் பிரதிநிதியாக இருந்த நார்தம்பர்லாந்துப் பிரபு இராபின்சனுக்காக முயன்றார். 1765இல் இராபின்சன் அயர்லாந்துத் திருச்சபையின் முதன்மைப் பேராயரானார். அப்போது அவருக்கு அகவை ஐம்பத்தாறைத் தாண்டியிருந்தது. பிறர் ஓய்வை எண்ணும் பருவத்தில் அவர் தம் வாழ்வின் பெரும்பணியைத் தொடங்கினார்.

குடிசையூர் கல்லூரானது

பதவியேற்ற இராபின்சன் முன்னவர்களைப் போல வேற்றூரில் தங்க விரும்பவில்லை. அர்மாவிலேயே வாழ்வது என்று முடிவு செய்தார். அம்முடிவே பிறவற்றுக்கெல்லாம் வித்தாயிற்று. ஊருக்குத் தெற்கே, பழைய பிரான்சிஸ்கன் மடத்தின் இடிபாடுகள் கிடந்த நிலத்தில், அரண்மனை எழுந்தது. 1770ஆம் ஆண்டளவில் அது முடிவுற்றது. அலங்காரம் மிகாத, நேர்கோடுகளும் அளவொழுங்கும் கொண்ட அக்கட்டடம் அவர் மனப்போக்கைக் காட்டுவது.

அந்நகரின் நிலத்தில் பெரும்பகுதி பேராயத்துக்கு உரியது. குத்தகைக் காலம் முடிய முடிய, புதுக்குத்தகை வேண்டியோருக்கு இராபின்சன் நிபந்தனை விதித்தார். வீடு கல்லால் கட்டப்பட வேண்டும். கூரைக்குச் சிலேட்டுக்கல் வேய வேண்டும். குறித்த இடத்தில் குறித்த வடிவில் அமைய வேண்டும். இவ்வாறு ஒரு தலைமுறைக்குள் குடிசைகள் மறைந்து, சாம்பலும் இளஞ்சிவப்பும் விரவிய உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல்லால் ஆன வீடுகள் வரிசை வரிசையாக நின்றன. 1776இல் அயர்லாந்தைச் சுற்றிவந்த ஆங்கில வேளாண் அறிஞர் ஆர்தர் யங், அர்மாவுக்கு வந்து இம்மாற்றத்தைக் கண்டு வியந்து தம் பயணநூலில் விரிவாகப் பதிவு செய்தார்.

அழகு தனி மாளிகையில் மட்டும் இல்லை. ஒரு வீடு அடுத்த வீட்டோடு கொள்ளும் உறவில் இருக்கிறது என்பதே ஜார்ஜிய காலக் கட்டடக் கலையின் அடிப்படை. சாளரங்களின் அளவும் இடைவெளியும், கதவுக்கு மேலுள்ள விசிறி வடிவக் கண்ணாடியும், ஒரே மட்டத்தில் ஓடும் கூரைவிளிம்பும் தெருவுக்கு ஒரு சந்தத்தை அளிக்கின்றன. யாப்பின் கட்டுப்பாட்டுக்குள் பாவலர் தம் குரலைக் காண்பதுபோல, அந்த அளவுகளுக்குள் அடங்கியே அர்மாவின் ஒவ்வொரு வீடும் தன் தனித்தன்மையைக் காட்டி நிற்கிறது.

உயிர்க்கு மருந்தகம்

இராபின்சனின் படைப்புகளுள் இலக்கிய நெஞ்சங்களுக்கு அணுக்கமானது 1771இல் அவர் நிறுவிய பொது நூலகமாகும். டப்ளினின் வணிகர் மன்றத்தை வடிவமைத்துப் புகழ்பெற்ற தாமஸ் கூலி என்னும் கட்டடக் கலைஞர் அதற்கு வரைபடம் தந்தார். பேராலயத்தின் அருகே, மேல்தளத்தில் ஒளி நிறைந்த நீண்ட கூடம், சுவர்தோறும் அடுக்குகள், நூல்களை எட்டி எடுக்க மேல்நடைமாடம். பேராயர் தம் சொந்த நூல்களையும் செதுக்கோவியத் தொகுப்பையும் அதற்கு வழங்கினார். தம் காலத்துக்குப் பின்னும் அது சிதறாதிருக்க 1773இல் நாடாளுமன்றச் சட்டம் ஒன்றையும் நிறைவேற்றச் செய்தார். அந்நூலகம் இன்று அவர் பெயரையே தாங்கியுள்ளது.

நூலகத்தின் வெளிச்சுவரில் கிரேக்க மொழியில் ஒரு தொடர் பொறிக்கப்பட்டுள்ளது. நூலகத்தை உயிரின் பிணி தீர்க்கும் மருந்தகமாக அது கூறுகிறது. இத்தொடர் இராபின்சன் ஆக்கியதன்று. எகிப்திய மன்னன் ஓசிமாண்டியாசின் நூலகத்தில் இவ்வாறு எழுதப்பட்டிருந்ததாகப் பண்டைய வரலாற்றாசிரியர் தியோதோரஸ் குறித்துள்ளார். பாலைமணலில் சிதைந்து கிடக்கும் சிலைவழியே ஆட்சிச் செருக்கின் நிலையாமையைக் கவிஞர் ஷெல்லி 1818இல் பாடியது அதே மன்னனைப் பற்றித்தான். மன்னனின் சிலை நிலையாமைக்குச் சான்றாயிற்று. அவன் நூலகத்தின் சொல்லோ ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கடந்து வடகடல் தீவொன்றின் சுவரில் வந்து அமர்ந்தது. அச்சுவருக்குள்ளே, 1726இல் வெளிவந்த கல்லிவரின் பயணங்கள் நூலின் முதற்பதிப்புப் படி ஒன்று, ஆசிரியர் ஜோனதன் ஸ்விஃப்ட் தம் கையாலேயே திருத்தங்கள் எழுதிய நிலையில், காக்கப்பட்டு வருகிறது.

மருத்துவமனையும் பள்ளியும் சிறையும்

நூலகத்தைத் தொடர்ந்து 1774இல் மாவட்ட மருத்துவமனையும், அதே ஆண்டில் அரசப் பள்ளிக்குரிய புதிய கட்டடமும் எழுந்தன. நகரின் கிழக்கே குதிரைப் பந்தயம் நடந்த பொதுவெளி ஒன்று இருந்தது. சமயத் தலைநகருக்கு அது தகாது எனக் கருதிய இராபின்சன் பந்தயத்தை நிறுத்தினார். அவருக்குப் பின்வந்த பேராயர் நியூகம் காலத்தில், 1797இல், அது மக்கள் உலாவும் பசும்புல் வெளியாயிற்று. மால் என்று வழங்கும் அவ்வெளியின் ஒரு முனையில் 1780இல் சிறைச்சாலை எழத் தொடங்கியது. எதிர்முனையில் 1809இல் நீதிமன்றம் முடிவுற்றது. இடையே மர நிழலில் ஊரார் உலாவினர். தீர்ப்பிலிருந்து தண்டனைக்குச் செல்லும் வழி எவ்வளவு குறுகியது என்பதை அந்நகரின் அமைப்பே சொல்லாமற் சொன்னது. அச்சிறை 1986இல் மூடப்பட்டது.

கட்டடங்களை விடவும் இராபின்சன் அயர்லாந்துக்கு அளித்த பெருங்கொடை ஒரு மனிதர் எனலாம். அர்மா மாவட்டத்தில் 1760இல் பிறந்த பிரான்சிஸ் ஜான்ஸ்டன் என்னும் இளைஞரிடம் கலைத்திறம் இருப்பதை அறிந்து, 1778இல் டப்ளினுக்கு அனுப்பித் தாமஸ் கூலியிடம் பயிலச் செய்தார் பேராயர். 1784இல் தாமஸ் கூலி மறைந்தபோது, இருபத்து நான்கே வயதான ஜான்ஸ்டனை நம்பித் தம் பணிகளை ஒப்படைத்தார். கிரேக்கக் கோயிலின் முகப்பைப் போன்ற தூண்வரிசையோடு தாமஸ் கூலி தொடங்கிய அரண்மனைச் சிற்றாலயத்தை ஜான்ஸ்டன் நிறைவு செய்தார். மாலின் நீதிமன்றத்தையும் அவரே பின்னாளில் கட்டினார். டப்ளினின் புகழ்பெற்ற தலைமை அஞ்சலகமும், டப்ளின் கோட்டையின் அரசச் சிற்றாலயமும் அவர் கைவண்ணமே. 1916இல் விடுதலை எழுச்சியாளர் கைப்பற்றித் தம் தலைமையிடமாகக் கொண்டது அந்த அஞ்சலகத்தைத்தான். ஆங்கில ஆட்சியின் தூணாக விளங்கிய ஒரு பேராயர் கைதூக்கிவிட்ட இளைஞரின் கட்டடம், அவ்வாட்சியை எதிர்த்த எழுச்சியின் அடையாளமாக மாறியது. கட்டுவோர் கருதிய பொருளோடு கட்டடங்கள் நின்றுவிடுவதில்லை.

நில்லாத கோபுரம்

இராபின்சனுக்கு எல்லாம் கைகூடிவிடவில்லை. குன்றின்மேல் குட்டையாக நின்ற பேராலயத்துக்கு உயர்ந்த கோபுரம் ஒன்று வேண்டுமென்பது அவர் பெருவேட்கை. ஆக்ஸ்போர்டில் மாணவப் பருவத்தில் கண்ட மாட்லின் கல்லூரிக் கோபுரம் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. 1780களில் அதன் சாயலில் அர்மாவில் கோபுரம் உயரத் தொடங்கியது. ஆனால் அதைத் தாங்க வேண்டிய தூண்கள் பல நூற்றாண்டு பழையவை. தீயையும் இடிபாட்டையும் கண்டவை. புதிய சுமையை அவற்றால் தாங்க முடியவில்லை. பழந்தூண்கள் நிலைபெயர்வதைக் கண்ட வழிபாட்டினர் அஞ்சினர். எழுப்பிய கோபுரத்தை இறக்குவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

இந்நிகழ்ச்சி ஒரு கட்டடப் பிழை மட்டுமன்று. மேலே வைப்பதன் அழகை எண்ணியவர் கீழே தாங்குவதன் வலிமையை எண்ணத் தவறினார். அவர் வாழ்வின் வேறொரு பக்கத்தை விளங்கிக் கொள்ளவும் இத்தவறு துணை செய்கிறது.

அடித்தளத்தில் இருந்தோர்

அர்மாவைக் கல்லாக்கிய செல்வம் எங்கிருந்து வந்தது? பேராயத்தின் பரந்த நிலங்களின் குத்தகைப் பணமே அதன் ஊற்று. திருச்சபைக்குப் பொதுவாகத் தசமபாகம் என்னும் பத்திலொரு பங்கு வரியும் இருந்தது. அவ்வரியைச் செலுத்தியோருள் பெரும்பாலோர் அத்திருச்சபையைச் சேர்ந்தவரல்லர். கத்தோலிக்கர் அந்நாளில் தண்டனைச் சட்டங்களின் கீழ் நிலம் வாங்கவும் பதவி பெறவும் வாக்களிக்கவும் உரிமையின்றி இருந்தனர். 1778 தொடங்கியே அத்தளைகள் சிறிது சிறிதாகத் தளர்ந்தன. பிரெஸ்பிட்டீரியரும் தாம் வழிபடாத கோயிலுக்கு வரி தந்தனர். இராபின்சன் வருவதற்கு ஈராண்டு முன், 1763இல், அர்மா மாவட்டத்தில் உழவரும் நெசவாளரும் தொப்பியில் ஓக் இலை செருகிச் சாலை வரியையும் தசமபாகத்தையும் எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தனர். அவருடைய இறுதிக் காலத்தில் அதே மாவட்டத்தில் புராட்டஸ்டண்டு, கத்தோலிக்க இளைஞர் குழுக்கள் இரவுகளில் மோதிக்கொண்டன.

தெருக்களை நேராக்கிய பேராயர் இவ்வேற்றத்தாழ்வை நேராக்க முனைந்தாரில்லை. அவர் அவ்வமைப்பின் விளைபொருள், அதன் காவலருமாவார். அவருடைய ஆடம்பரத்தைப் பற்றியும் சான்றுகள் உண்டு. ஆறு குதிரை பூட்டிய வண்டியில், பின்னே மூன்று ஏவலர் நிற்க, பேராலயத்துக்கு அவர் சென்ற காட்சியை நாடகாசிரியர் ரிச்சர்டு கம்பர்லாந்து தம் நினைவுக்குறிப்புகளில் வரைந்துள்ளார். எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் அவரைச் செருக்குடையவர், ஆழமற்றவர் என்றே மதிப்பிட்டார். மறையுரையாலோ நூலாலோ அவர் பெயர் பெறவில்லை. 1777இல் ரோக்பி பிரபு என்னும் பட்டம் பெற்றார். தமக்காகப் பேராயப் பதவிக்கு முயன்ற நார்தம்பர்லாந்துப் பிரபுவின் நட்பைப் போற்றி 1780களின் தொடக்கத்தில் குன்றொன்றின்மேல் உயர்ந்த கூர்நுனிக் கல்தூண் ஒன்றை நிறுத்தினார். நன்றியின் அடையாளமாகிய அத்தூணை எழுப்பும் பணி, வேலையற்றோர்க்குக் கூலி கிடைக்கச் செய்த உதவியாகவும் அமைந்தது.

இவ்விரு பக்கங்களையும் ஒருங்கே நோக்குவதே நடுவுநிலை. அதே வருவாயைப் பெற்ற பிறர் அதனை டப்ளினிலும் இலண்டனிலும் கரைத்தனர். இராபின்சன் அதில் பெரும்பங்கை அது விளைந்த மண்ணிலேயே விதைத்தார். ஆக்ஸ்போர்டில் தாம் பயின்ற கல்லூரியின் கேன்டர்பரி முற்றத்தைக் கட்டவும் அவர் பொருள் தந்தார் என்பது உண்மையே. எனினும் அவர் கொடையின் பெரும்பகுதி அர்மாவுக்கே உரியது. வரி கொடுத்தவரின் குடிசையை அது மாளிகையாக்கவில்லை. ஆயினும் அவர்தம் பேரப்பிள்ளைகள் நுழையக்கூடிய கதவுகள் சிலவற்றை அது ஊரில் அமைத்து வைத்தது.

விண்ணை நோக்கிய இறுதிக் கட்டடம்

எண்பது வயதைக் கடந்தபின் இராபின்சன் தொடங்கியது ஒரு வான்நோக்குக் கூடம். 1789, 1790ஆம் ஆண்டுகளில் ஜான்ஸ்டனின் வடிவமைப்பில் அது மேட்டின்மேல் உருப்பெற்றது. ஜேம்ஸ் ஆர்ச்சிபால்டு ஹாமில்டன் முதல் வானியலாளராக அமர்த்தப்பட்டார். 1791இல் நாடாளுமன்றச் சட்டமும் நிறைவேறியது. கோபுரத்தில் கற்ற பாடம் வீண்போகவில்லை போலும். தொலைநோக்கியைத் தாங்கும் கல்தூண் நிலத்திலிருந்தே எழுந்து குவிமாடம் வரை செல்லுமாறு அமைந்தது. கட்டடத்தின் அதிர்வு கருவியைத் தீண்டாதிருக்க அது துணை செய்தது.

நூலகம், பள்ளி, மருத்துவமனை, வான்நோக்குக் கூடம் ஆகிய இவை தனித்தனி அறச்செயல்களல்ல. அர்மாவில் ஒரு பல்கலைக்கழகம் காண வேண்டுமென்ற கனவின் உறுப்புகள். அக்கனவுக்காகத் தம் இறுதிமுறியில் 5000 பவுன் ஒதுக்கினார். தம் மறைவுக்குப் பின் ஐந்தாண்டுக்குள் பல்கலைக்கழகம் அமைய வேண்டும் என்பது நிபந்தனை.

திருமணம் செய்யாதவர். கடைசி ஆண்டுகளில் உடல்நலம் குன்றி இங்கிலாந்தின் பாத் முதலிய ஊர்களிலேயே பெரும்பாலும் தங்கினார். யார் ஊரை விட்டு விலகி வாழ்வதைத் தம் செயலால் மாற்றிக் காட்டினாரோ, அவரே இறுதியில் ஊரை விட்டு விலகி வாழ நேர்ந்தது. 1794 அக்டோபர் 10ஆம் நாள் பிரிஸ்டலை அடுத்த கிளிஃப்டனில் உயிர் நீத்தார். உடல் அர்மாவுக்குக் கொண்டுவரப்பட்டு, கோபுரம் தாங்க மறுத்த அதே பேராலயத்தின் நிலவறையில் அடக்கம் செய்யப்பட்டது.

அவருக்குப் பின்

ஐந்தாண்டுகள் அமைதியாகக் கழியவில்லை. 1795இல் அர்மா மாவட்டத்தில் சமயப் பகை குருதி சிந்தியது. 1798இல் நாடே கிளர்ச்சியில் மூழ்கியது. பல்கலைக்கழகம் அமையவில்லை; கொடைப்பணமும் காலாவதியாயிற்று. இருநூறு ஆண்டுகள் கழித்து, 1995இல், பெல்பாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகம் தன் கிளையொன்றை அர்மாவில் அவர் கட்டிய பழைய மருத்துவமனைக் கட்டடத்தில் தொடங்கியது. அதுவும் 2005இல் மூடப்பட்டது. நகரம் என்னும் தகுதியை 1840இல் இழந்த அர்மா, இராபின்சன் மறைந்து சரியாக இருநூறாண்டு நிறைந்த 1994இல் அதனை மீண்டும் பெற்றது.

வான்நோக்குக் கூடமோ ஓயவில்லை. 1795 முதல் அங்கே வானிலைக் குறிப்புகள் எழுதப்பட்டு வருகின்றன. வானியலார் இன்றும் கையாளும் விண்பொருள்களின் புதிய பொதுப் பட்டியல் 1888இல் வெளிவந்தபோது, அதைத் தொகுத்த டிரேயர் அந்தக் கூடத்தின் தலைவராக இருந்தார்.

எதிர்க்குன்றில் 1840ஆம் ஆண்டு புனித பேட்ரிக் திருநாளன்று கத்தோலிக்கர் தம் பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டினர். பெரும்பஞ்சம் வந்து பணி நின்றது. கட்டட நிதி பசித்தோருக்குச் சென்றது. 1854இல் மீண்டும் தொடங்கி, 1873இல் அர்ப்பணிக்கப்பட்டு, 1904இல் நிறைவான திருநிலைப்பாடு கண்டது. அதன் இரட்டைக் கோபுரங்கள், இராபின்சன் விரும்பியும் எழுப்ப முடியாத உயரத்தில், ஏழை எளியோரின் காசால் எழுந்து நிற்கின்றன. வரி கொடுத்தோரின் வழித்தோன்றல்கள் தம் விருப்பத்தால் கொடுத்துக் கட்டியது அது.

ஒரே புனிதரின் பெயர் தாங்கிய இரு பேராலயங்கள் இன்று இரு குன்றுகளிலிருந்து ஒன்றையொன்று நோக்குகின்றன. இடையிலே பள்ளத்தில் இராபின்சனின் கல்வீடுகள், இரு சாராருக்கும் பொதுவான தெருக்களாய் நீள்கின்றன. அவர் பெயரை உயர்த்த எண்ணிய கோபுரம் இறங்கிவிட்டது. எவரும் ஏறிச் செல்லும் நூலகத்தின் படிக்கட்டு நிலைத்திருக்கிறது. தமக்கெனக் கட்டியது எது, பிறர்க்கெனக் கட்டியது எது என்று ஒரு வாழ்வைக் காலம் பிரித்தெடுக்கும் முறைக்கு அர்மாவின் பேராயர் அழியாச் சான்று.